பேசாமல் பறிக்க வேண்டிய காளான்

கரையான் புற்றின் ஈரமண்ணை முட்டிக்கொண்டு வெள்ளைத் தலைகள் வெளியே வருகின்றன, ஒன்று, இன்னொன்று, சத்தமே இல்லாமல், கண்ணை மூடினால் இப்போதும் வந்துகொண்டே இருக்கின்றன, கனவா அன்றைய காலையா என்று எனக்கே பிடிபடவில்லை, பக்கத்தில் கூடையோடு நிற்பது சுடலைவடிவு மைனி, என் அண்ணன் மனைவி, என் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டே இந்தக் குழம்பில் மீனைப் பிடிக்க வலை போட வேண்டும் என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னவள், அன்றோடு பேச்சு நின்று ஒரு வருடம், அப்போதுதான் அவள் மகள் ஆவுடையம்மைக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று வந்தது, தாலி ஏறும்போது அத்தைக்காரி நான்தான் முதல் குலவை போட வேண்டும், எனக்கோ தொண்டை வீங்கி எச்சில்கூட இறங்கவில்லை, பழைய கோபத்தில் நடிக்கிறாள் என்று ஊர் சொல்லுமே என்று அழுதுகொண்டிருந்தேன்.

இடியோடு பெய்த மழைக்கு மறுநாள் விடிந்ததும் மைனி என் வாசலில் வந்து நின்று உதட்டில் விரலை வைத்தாள், தொண்டை கட்டியவள் தன் கையாலேயே புற்றுக்காளானைப் பறிக்க வேண்டும், அடுப்பில் ஏற்றும்வரை கூடப் போகிறவளும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் மருந்து பலிக்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், பேசாமல் இருப்பதில்தான் எங்களுக்கு நல்ல பழக்கம் இருந்ததே, நடந்தோம், குனிந்து முதல் காளானில் கை வைக்கிறேன், ஏட்டி, காலை எடு, பூரான் கெடக்கு, என்று மைனி அலறுகிறாள், நான் துள்ளிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன், பூரான் தன்பாட்டுக்குப் போனது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், போச்சே, பேசித் தொலைச்சிட்டேனே, இனி எம் மவளுக்கு யாரு கொலவ போடுவா, அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கோ சிரிப்பு, குரலில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள், புற்றைப் பார்த்தோம், ஒரு காளான்கூடக் கோபித்துக்கொண்டு உள்ளே போயிருக்கவில்லை.

என் அடுப்பிலேயே பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம் வைத்தாள், வழக்கம் கெட்டதற்கு ஈடாக மிளகு இரண்டு பங்கு, மூக்கில் நீர் வழியக் குடித்தேன், கிண்ணத்துக்குள் காளானைத் தேடி வலை வீசுவதுபோல் கைகாட்டினேன், இன்னுமா அத நெனச்சிட்டிருக்க என்று முதுகில் ஒன்று வைத்தாள், அவள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்த அடியில்தான் தெரிந்தது.

கெட்டிமேளம் கொட்டுகிறது, வாயைத் திறக்கிறேன், வெறும் காற்று, பந்தலே என்னைப் பார்க்கிறது, மகள் பக்கத்தில் நிற்கும் மைனி என்னைப் பார்த்து மெதுவாக ஒரு வலையை வீசுகிறாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, அதன் பின்னாலேயே தொண்டையை முட்டிக்கொண்டு ஒரு குலவை, இன்னொன்று, மைனியுடையதும் சேர்ந்துகொள்ள, வெள்ளை வெளேரென்று, பந்தலெங்கும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன.