மாமியார் கேட்ட கேள்வி

என் சகலையை எங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

வெப்சைட்டுகளுக்குப் பெயர் பதிந்து, வருடாவருடம் புதுப்பித்துக் கொடுப்பது எங்கள் தொழில். எவனோ எங்கள் பெயரைச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்து, 'உங்கள் பெயர் இன்றோடு போய்விடும், உடனே பணம் அனுப்புங்கள்' என்று கறந்துகொண்டிருந்தான். அதற்குச் சகலை ஒரு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு கேள்வியையும் பதிலையும் எங்களிடம் சொல்லி வைக்க வேண்டும். நாங்கள் போன் செய்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். பதில் தப்பென்றால் போனை வைத்துவிடுவார். ஏமாறுவது நின்றது. முதலாளி சகலையின் தோளில் கை போட்டு நடக்க ஆரம்பித்தார். என் தோளில் இத்தனை வருடத்தில் ஓர் ஈகூட உட்கார்ந்ததில்லை.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

வீட்டிலும் அதே கதைதான். மாமியார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம். அவருடைய தையல் கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவன் நான். பாதி ஆர்டர் அதில்தான் வருகிறது. அந்தப் பெயருக்குக் கெடு முடிந்து, மேற்கொண்டு தந்த சலுகை நாட்களிலும் இன்று கடைசி நாள். விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அனுப்பிய மெயில்களையெல்லாம் மோசடி என்று அழித்திருந்தார். அவர் வாயால் சரி என்று சொல்லாமல் நான் புதுப்பிக்கக் கூடாது. பேச்சு பதிவாக வேண்டும் என்பதால் ஆபீஸ் போனில் கூப்பிட்டேன். பதில்கள் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் இருக்கும். சகலையின் கைவண்ணம் என்பதால் அந்தப் பக்கம் நான் திரும்புவதே இல்லை.

"அத்தை, நான்தான், மூத்த மாப்பிள்ளை பேசுறேன்."

"இப்பல்லாம் குரலைக்கூட அப்படியே பேசுறாங்களாம். கேள்விக்குப் பதில் சொல்லுங்க. எனக்கு ஒரு கஷ்டம்னா மொதல்ல யாரைக் கூப்பிடுவேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேற யாரை? உங்க அருமைச் சின்ன மாப்பிள்ளையைத்தான்!"

"போடா திருட்டுப் பயலே!"

போனை வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் சகலையின் மேஜைக்குப் போய் நின்றேன்.

"திரையிலேயே இருக்கே அண்ணா, பாக்கலையா?"

"உன் பேரைத்தான் சொன்னேன். தப்புன்னுட்டாங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. "நானும் என் பேரைத்தான் சொல்வாங்கன்னு நெனச்சேன். எதிர்ல உக்காந்து அவங்க பதிலை டைப் பண்ணினதே நான்தான். உங்க பேரைச் சொன்னாங்க. ரெண்டு நாளு எனக்குச் சாப்பாடே எறங்கலை."

அவனுக்குமா? என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவன் மேஜையிலிருந்த ஆபீஸ் போனையே எடுத்து டயல் செய்தேன்.

"இன்னும் விடலையா நீ?" என்றார் மாமியார்.

"உங்க மூத்த மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவீங்க, அத்தை."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"மாப்பிள்ளை! அப்ப முன்னாடி பேசினது?"

"அது எவனோ திருட்டுப் பய, அத்தை."

"நெனச்சேன். என் மூத்த மாப்பிள்ளைக்கா அது தெரியாமப் போகும்? சரி, புதுப்பிச்சிடுங்க."