கத்திரிக்காய்ப் பெட்டி

தேவசகாயம் தச்சுவேலைக்காரர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளுக்குத் தறி செய்வார். சபையில் யாராவது இறந்தால் சவப்பெட்டியும் செய்வார். அதற்கு அவர் தயங்கியதே கிடையாது, மனைவி அன்னம்மாள் தனக்கென்று ஒன்று கேட்கும்வரை.

அன்னம்மாளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி சாமுவேல் லீவு போட்டு வந்து, அக்காளைச் சிரிக்கவைக்க ஊர்க்கதைகளை எடுத்துவிட்டான். கானா நாட்டில், அக்ரா பக்கம், ஒரு சாவு ஊர்வலம் பார்த்தானாம்.

"மீன்காரர மீன் மாதிரியே பொட்டி செஞ்சி அதுல வெச்சித் தூக்கிக்கினு போறாங்கக்கா. செதிலு கூட வரைஞ்சிருக்குது. யாரு இன்னா வேல செஞ்சாங்களோ, அதும்மாரி பொட்டி."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்குக் கத்திரிக்கா."

"வாய மூடிக்கினு படு," என்று சீறினார் தேவசகாயம்.

"ஏன்யா கோவிச்சுக்கிற? பொறந்ததுலேர்ந்து ஊரார் நெலத்துல நாத்து நட்டேன். முசரவாக்கத்துல நமக்குன்னு ஒரு துண்டு மண்ணு கெடச்சப்ப மொதல்ல காய்ச்சது அதான? மார்க்கெட்டுல கத்திரிக்கா அன்னம்மான்னாதான எல்லாருக்கும் தெரியும்?"

அவர் எழுந்து வெளியே போனார். பெட்டியில் கை வைத்தால் அவள் சாவுக்குச் சம்மதம் சொன்னதாகிவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. நாளைக் கடத்தினார். ஒரு காலையில் பட்டறைக்கு வந்தால், அன்னம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பலகையில் கரித்துண்டால் கத்திரிக்காய் வரைந்துகொண்டிருந்தாள். கோடு கோணிக்கொண்டே போனது. அவர் கரியை வாங்கினார்.

"நகரு. நான் போடறேன்."

மகள் எஸ்தர் கயிற்றுக்கட்டிலைப் பட்டறையிலேயே கொண்டுவந்து போட்டாள். அவர் பலகையை நனைத்து, அனல் காட்டி வளைக்க, அன்னம்மாள் படுத்தபடியே அதிகாரம் செய்தாள். "இது சொரக்கா மாதிரி இருக்குது. கீழ தொந்தி வையி!" அவர் முணுமுணுத்துக்கொண்டே தொந்தி வைத்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் சிட்டிபாபு தானாகவே வந்து ஊதா கலந்து கொடுத்தார். வீட்டில் சண்டையும் சிரிப்புமாக இருந்தது. வலி வரும்போது மட்டும் உளியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வார்.

பெட்டி முடிந்த அன்று அவள் அதன் பச்சைக் காம்பைத் தடவிப் பார்த்தாள். "பிஞ்சு," என்றாள் திருப்தியாக.

மழைக்காலம் முடியுமுன் அவள் போய்விட்டாள்.

சபை மூப்பர் பெட்டியைப் பார்த்ததும் கொதித்தார். "இது கல்லறைத் தோட்டமா, காய்கறிச் சந்தையா?"

"அவ கேட்டதுங்க. வேற பொட்டில நான் வைக்க மாட்டேன்," என்றார் தேவசகாயம். மூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கூட நடந்தார்.

மார்க்கெட் வழியாக ஊதாப் பெட்டி போனபோது வியாபாரிகள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுப் பின்னால் வந்தார்கள். கல்லறையில்தான் சிக்கல். குழி வழக்கமான அளவுக்கு வெட்டியிருந்தது. கத்திரிக்காயின் தொந்தி இறங்க மறுத்தது.

"உள்ள போறதுக்கும் பேரம் பேசறா பாரு!" என்றாள் மார்க்கெட்டில் அன்னம்மாளுக்குப் பக்கத்துக் கடை மணியம்மாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த எஸ்தரும் சிரித்துவிட்டாள். குழியை அகலப்படுத்தும் வரை ஆளாளுக்கு அன்னம்மாள் கதை சொன்னார்கள்: தராசில் கை வைத்த போலீஸ்காரரை அவள் விரட்டியது, பிரசவித்த பெண்ணிடம் காசு வாங்க மறுத்தது. தேவசகாயம் அறியாத கதைகளும் இருந்தன. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது. குழி வெட்டுகிறவன் மூச்சு வாங்கி நின்றபோது, மூப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினார்.

பெட்டி இறங்கி, மண் மூடி, ஜெபம் முடிந்தது. மணியம்மாள் எஸ்தரிடம் வந்தாள்.

"உங்கம்மா எடத்துல யாரையும் ஒக்கார வுடல. திங்கக்கெழம வந்துடு."

எஸ்தர் அப்பாவைப் பார்த்தாள்.

"கத்திரிக்காக் கூடைய நான் தூக்கிக்கினு வரேம்மா," என்றார் தேவசகாயம்.