முதலில் கையெழுத்துப் போடுவது யார்

அந்த மருத்துவமனையில் சீலக்காவுக்குப் பயப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான், அது லிஃப்ட். மற்ற எல்லோரும், பெரிய டாக்டர் உட்பட, அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். முப்பத்தொரு வருஷமாக அலுவலக முத்திரை, அதாவது 'சீல்', அவள் கையில் இருந்ததால் வந்த பெயர்தான் சீலக்கா. அவள் ஓங்கிக் குத்தினால் கீழ்மாடி நோயாளிக்குக் காய்ச்சல் இரண்டு டிகிரி இறங்கும் என்பார்கள். அது பொய், ஒரு டிகிரிதான்.

அப்பேர்ப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ஆறாவது முறையாகக் காலண்டரைப் பார்த்தாள். அது தேதியை மாற்றிக்கொள்வதாக இல்லை.

மேஜைமேல் ஒரு கோப்பு. அந்த நாட்டுச் சட்டம் சொல்வது இதுதான்: பன்னிரண்டு வாரத்துக்குமேல் கருவைக் கலைக்க வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட குழு அனுமதிக்க வேண்டும், இருவர் சம்மதித்தால் போதும். இருபது வாரம் நிறைந்துவிட்டால் கடவுளே வரிசையில் வந்து நின்றாலும் கிடையாது. கோப்புக்குரியவளுக்கு அன்று பத்தொன்பது வாரம், ஐந்து நாள். அவள் பஸ் ஓட்டுகிறவள். இரண்டு பிள்ளைகள் உண்டு. இரண்டாவது பிரசவத்தில் இதயம் பலவீனமாகி மூன்று மாதம் படுத்துக் கிடந்தவள். இந்த முறை தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்று இதய டாக்டர் எழுதியிருந்தார். வேண்டாம் என்று முடிவு செய்து, காக்கிச் சட்டையோடு மூன்று வாரமாக வராந்தா பெஞ்சுக்கு வந்து போகிறாள்.

குழுவில் பெரிய டாக்டர், மனநல டாக்டர், வக்கீலம்மா. மூவரும் நல்லவர்கள்தான். ஆனால் யாரும் முதலில் கையெழுத்துப் போடமாட்டார்கள். 'கலந்து பேசவும்' என்று எழுதி அடுத்த அறைக்குத் தள்ளிவிடுவார்கள். கோப்பு மாடி ஏறி மாடி இறங்கி உடம்பு இளைத்துப்போகும். கடைசியில் கெடு தாண்டிவிடும். நாலு வருஷத்தில் பதினொரு கோப்புகள் வந்தன. ஒன்றைக்கூட யாரும் மறுக்கவில்லை, ஒன்றுக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை.

இதில் சீலக்காவுக்கு உள்ளூர நிம்மதிதான். கருவைக் கலைப்பது பாவம் என்பது அவள் கட்சி. கேண்டீனில் இதைப் பற்றி நர்சுகளோடு அவள் போட்ட சண்டையில் டம்ளர்கள் தாமாக நகர்ந்திருக்கின்றன. இந்தக் கோப்பையும், மூவருக்கும் நேரம் ஒழியட்டும் என்ற சாக்கில், ஒன்பது நாள் தன் மேஜையிலேயே அடியில் போட்டு வைத்திருந்தாள்.

நேற்று மாலை வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள். பாதி வழியில் வண்டி ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினாள். பின்னாலிருந்து ஒருவன், "என்னம்மா, தூக்கமா?" என்று கத்தினான். ஒரு நிமிஷம் கழித்து வண்டி கிளம்பியது. கண்ணாடியில் தெரிந்த முகம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முகம். சீலக்கா தன் நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள். பாவம் என்ற எண்ணம் மாறவில்லை, ஆனால் இரவெல்லாம் அந்த ஒன்பது நாளையே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பதினொரு மணிக்குப் போனை எடுத்தாள். மூவரிடமும் ஒரே பொய்யைச் சொன்னாள்: மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், உங்களுடையதுதான் பாக்கி, கோப்பு வெளியே போகக்கூடாது, இங்கேயே வந்து போடுங்கள். முதல் ஆள் தானில்லை என்றதும் மூவருக்கும் இறக்கை முளைத்தது. முழங்கால் வலிக்காரரான பெரிய டாக்டர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் பறந்து வந்தார். மூன்று பேரும் கதவருகே முட்டிக்கொண்டார்கள்.

பெரிய டாக்டர் கோப்பைப் புரட்டினார். கையெழுத்துக்கான இடம் காலி.

"இன்னும் யாரும் போடல சார். நான் பொய் சொன்னேன்."

"இதுக்கு உங்கள சஸ்பெண்ட் பண்ண முடியும், தெரியுமா?"

"முடியும் சார். அதுக்கும் மூணு பேர் கையெழுத்து வேணும்."

வக்கீலம்மா இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். சீலக்கா கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள். அவளைத் தாண்டிப் போக ஒரு கிரேன் வேண்டும்.

வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். இதயம் தாங்காமல் போகும் என்று எந்த அறிக்கை உறுதியாகச் சொல்கிறது என்றார் பெரிய டாக்டர். 'ஆபத்து' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'உறுதி' என்று சொல்லவில்லை என்றார் வக்கீலம்மா. அந்தப் பெண்ணின் மனசு என்ன சொல்கிறதோ என்று மனநல டாக்டர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"கூரைக்குத் தெரியாது சார், வெளிய உக்காந்திருக்காங்க" என்றாள் சீலக்கா. நாலு வருஷத்தில் குழுவின் முன்னால் யாரையும் அழைத்ததே இல்லை.

பஸ் ஓட்டுகிறவள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உள்ள ஒரு உயிர் இருக்கும்மா. அத யோசிச்சியா?" என்றார் பெரிய டாக்டர். குரலில் கோபம் இல்லை.

"உங்களுக்கெல்லாம் தெரியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் சார். யோசிக்காத நாள் இல்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. பேசாமலே இருந்தீங்கன்னா நான் என்ன பண்றது?"

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். 'எனக்குச் சம்மதமில்லை' என்று தெளிவாக எழுதி, காரணத்தை மூன்று வரியில் சொல்லி, கையெழுத்துப் போட்டார். குழுவின் சரித்திரத்தில் முதலாவதாக விழுந்த கையெழுத்து மறுப்புக் கையெழுத்து. சீலக்காவுக்கு அந்த மனிதர்மேல் அன்றுதான் மரியாதை வந்தது.

முதல் ஆள் என்ற பயம் தீர்ந்ததும் மற்ற இருவரின் பேனாக்களும் வேகமாக ஓடின. இரண்டும் சம்மதம்.

மூவரும் வெளியேறியதும் சீலக்கா முத்திரையை எடுத்தாள். சத்தமே கேட்காத அளவுக்கு மெதுவாகப் பதித்தாள். அனுமதித் தாளை நீட்டினாள். வாங்கிய பெண் உடனே போகவில்லை.

"நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?"

மழுப்பியிருக்கலாம். முடியவில்லை.

"எனக்கு இது சரின்னு தோணல. நேத்தும் தோணல, இப்பவும் தோணல. உன் பேப்பர ஒம்பது நாள் நான்தான் அமுக்கி வெச்சிருந்தேன்."

அந்தப் பெண் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் சீலக்கா. திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"எட்டு மணிக்கு. வெறும் வயித்தோட வா. கூட யாராச்சும் வராங்களா?"

"அவர் பிள்ளைங்களப் பாத்துக்கணும். யாரும் இல்ல."

சீலக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"ஏழே முக்காலுக்கு வாசல்ல நிக்கறேன்" என்றாள்.