ஏரிக்கு இடப்பக்கம்

அம்பு இடப்பக்கம் காட்டியது. ஆட்கள் வலப்பக்கம் போனார்கள். ஏன் என்று பாதைக்காரிக்கு விளங்கவே இல்லை.

அந்த வனப்பூங்காவில் எல்லோரும் அவளைப் பாதைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வாசலிலிருந்து ஏரி வரை மரங்களுக்கு நடுவே போகும் நடைபாதையை இரண்டு வருஷம் மெனக்கெட்டு வெட்டியவள் அவள். முக்கால் மணி நேர நடை. ஏரியில் குளிக்கலாம், மிதிபடகு ஓட்டலாம், பிறகு தார்ச்சாலை வழியே வேனில் வாசலுக்குத் திரும்பிவிடலாம். பாதி வழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ஏரி. வலப்பக்கம் எப்போதோ கைவிட்ட கல்குவாரி. அதற்குமேல் வழி கிடையாது, வந்தபடியே திரும்ப வேண்டும்.

முதலில் அந்தப் பிரிவில் முழ அகலத்தில் ஒரு அம்புப் பலகை வைத்தாள். பிறகு கதவு அகலத்தில் ஒன்று. பிறகு அதற்குச் சிவப்புச் சாயம். ஒன்றும் எடுபடவில்லை. போன மாதம் மட்டும் நான்கு தடவை தேடுவதற்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

"இருக்கறதே ஆறு ஆளு. நான் என்னம்மா பண்றது?" என்றார் கண்காணிப்பாளர். கோபக்காரர் இல்லை, களைத்துப்போனவர். "இன்னொரு தடவை தேடப் போற மாதிரி ஆச்சுன்னா பாதையைப் பூட்டிடுவேன். எல்லாரும் வேன்லயே ஏரிக்கு வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் படகுத்துறையில் வேலை. ஒரு ஞாயிறு அவளுடைய அக்கா வருவதாக இருந்தாள். அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மெத்தென்ற தரையில் மெதுவாக நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "உன் பாதையைத்தான் ஊரெல்லாம் பேசுதே, நானும் ஒரு தடவை மிதிச்சுப் பாக்கறேன்" என்று ஒன்பதரைக்கு வாசலிலிருந்து போன் செய்தாள். அதன்பின் போன் கிடைக்கவில்லை. மரங்களுக்குள் போனால் யாருக்கும் சிக்னல் கிடைக்காது.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது.

தண்ணீரில் ஏழு படகுகள். ஒரு படகு தண்ணீரில் இருந்தால்கூடத் துறையை விட்டு நகரக்கூடாது என்பது விதி. யாராவது கவிழ்ந்தால் பாய்ந்து போக அவள் ஒருத்திதான். காட்டுக்குள் ஓடவும் முடியாது, இங்கே நிற்கவும் முடியவில்லை.

ஒரு படகு வாத்து மாதிரி வட்டமடித்துக்கொண்டு வந்தது. "இது நேராப் போகவே மாட்டேங்குதுங்க" என்றார் உள்ளே இருந்த கனத்த மனிதர். பக்கத்தில் அவர் மனைவி ஒல்லியாக, வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருக்குதுண்ணே. கொஞ்சம் நடுவுக்கு வாங்க, நேராப் போகும்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதத்தான் சொல்றேன், நகர மாட்டேங்கறாரு" என்றாள் மனைவி.

வேறு நாளாக இருந்தால் பாதைக்காரி சிரித்திருப்பாள். அவள் கண் பாதை முடிகிற இடத்திலேயே இருந்தது. யார் வெளியே வந்தாலும் கேட்டாள். "சாம்பல் தொப்பி போட்ட அம்மா, கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பாங்க, பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தாள். பொத்தானை அமுக்கினால் பாதை போயிற்று. அமுக்காவிட்டால் அக்கா. அமுக்கினாள்.

"சார், ஒரு ஆளைக் காணோம். எங்க அக்கா."

"சரி, போறோம்" என்றார் கண்காணிப்பாளர்.

பன்னிரண்டரைக்கு ஜீப்பில் அக்கா வந்தாள். குவாரியில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாளாம். முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

"பலகையைப் பாக்கலியா நீ?"

"எந்தப் பலகை?"

"கதவளவு இருக்குக்கா. செவப்பா."

"நான் எங்கடி பலகையைப் பாத்தேன்? அந்த எடம் பூராவும் வேரு. தடுக்கி விழுந்து தொலைச்சா திரும்ப ஆசுபத்திரின்னு காலையே பாத்து நடந்தேன். அகலமா இருந்த பக்கம் போயிட்டேன்."

கண்காணிப்பாளர் சங்கிலியையும் பூட்டையும் அவளிடமே கொடுத்தார். "நீங்களே போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பாதை தொடங்கும் இடத்தில் சங்கிலியை மாட்டினாள். பிறகு, நடக்க ஆளில்லாத தன் பாதையில் தனியாக நடந்தாள்.

அகலமா இருந்த பக்கம் என்றாள் அக்கா. அது எப்படி? ஏரிப் பாதையை நான்கடி அகலத்துக்கு வெட்டியவள் அவள். குவாரிப் பக்கம் வெறும் ஒற்றையடித் தடம்தானே. பிரிவில் குனிந்து பாதத்தை வைத்து அளந்தாள். இடப்பக்கம் செடி நெருங்கி இரண்டடிதான் மிச்சம். வலப்பக்கம் ஐந்தடி, சிமெண்டு மாதிரி இறுகிய மண்.

வேரில் உட்கார்ந்து யோசித்தாள். ஏரிக்குப் போகிறவர் இந்த மண்ணை ஒரு தடவைதான் மிதிக்கிறார், திரும்புவது வேனில். வழி தவறியவர் குவாரிக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று இரண்டு தடவை மிதிக்கிறார். சலித்துப்போய் நேரே வாசலுக்குத் திரும்புகிறவரோ ஏரிப் பக்கம் காலே வைப்பதில்லை. ஆக, தவறுகிற ஒவ்வொருவரும் தவறான பாதையைத்தான் அகலமாக்குகிறார். அது அகலமாக ஆக, இன்னும் நாலு பேர் தவறுகிறார்கள். வேருக்குப் பயந்து கீழே பார்த்து நடப்பவர்களுக்குத் தரைதான் வழி சொல்கிறது, பலகை இல்லை.

அன்று பகல் முழுக்க அவள் கிளை இழுத்தாள்.

சங்கிலி ஐந்து வாரம் கிடந்தது. அதற்குள் அவள் மூன்று தடவை கெஞ்சினாள், கண்காணிப்பாளர் இரண்டு தடவை வந்து பார்த்தார். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை" என்று கடைசியில் திறந்துவிட்டார். அன்று வாசலில் நடக்கத் தொடங்கியவர்கள் அறுபத்து மூன்று பேர். படகுத்துறையில் அவள் எண்ணினாள். அறுபத்து மூன்று பேரும் வந்துசேர்ந்தார்கள்.

செய்தது இவ்வளவுதான்: தவறான பாதையின் முதல் இருபது அடியை விழுந்த கிளைகளையும் சருகையும் போட்டு மூடி, அது பாதையாகவே தெரியாதபடி செய்தாள், சரியான பாதையின் முதல் இருபது அடியில் செடியை வெட்டி, மறுபடி நான்கடி ஆக்கினாள்.