தொப்பிக்குள் ஒரு பெயர்

விடிகாலை ஐந்தரை மணிக்கு எல்டர்பர்ன் ஊரில் சத்தம் என்று ஒன்று கேட்டால் அது கார்ஸ்வெல் குளிர்கிடங்கின் சத்தம்தான். உறைந்த மீனும் பட்டாணியும் ஏற்றிய லாரிகள் பின்பக்கமாக ஊர்ந்து வந்து வாசல் ரப்பரில் முட்டி நிற்கும். இரும்புக் கதவு கடகடவென்று மேலே ஏறும். உள்ளே நிற்கிறவன் மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகத் தொங்கும். இரண்டு கையுறை மாட்டினாலும் கால் மணி நேரத்தில் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். மூக்கு ஒழுகுவது தெரியாது, உதட்டில் உப்பு பட்டால்தான் தெரியும்.

எட்டு வாசல், மூன்று அடுக்கு வரிசை, ஒரு காவல் கூண்டு. பன்னிரண்டு இடம், பன்னிரண்டு ஆள். எங்கள் காலடியில் ஆயிரம் அடி ஆழத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கம் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அந்தச் சுரங்கத்தின் சக்கரத்தைப் பாதியாக அறுத்துச் சிவப்புச் சாயம் அடித்து, கிடங்கு வாசலில் பூச்செடி நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்தில் நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். என் பெயர் ஆல்வின் ரேஸ்பெக். அறுபது வயது. இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். எண்பத்து நாலில் ஊரே வேலைநிறுத்தத்தில் நின்றது. ஒரு வருஷம். நானும் நின்றேன். தொழிலாளர் மன்றத்துச் சமையல்கூடத்தில் நோரீன் டார்பெக் ஊற்றிய உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்து நின்றேன். கடைசிப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பஸ்ஸில் ஏறி, போலீஸ் நடுவே சுரங்கத்துக்கு வேலைக்குப் போனேன். முந்தின நாள்கூட அவள் கையால் இரண்டு கரண்டி வாங்கிக் குடித்திருந்தேன். எனக்குக் காரணம் இருந்தது. யாருக்குத்தான் இல்லை? மறுநாள் காலையில் என் வீட்டுச் சுவரில் 'கருங்காலி' என்று எழுதியிருந்தார்கள். மூன்று முறை சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மழைக்காலத்தில் இன்னும் தெரிகிறது.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. எங்கள் ஊரில் 'கேவில்' என்று ஒரு வழக்கம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு தொப்பிக்குள் போடுவார்கள். ஒவ்வோர் இடமாகக் கூவிச் சீட்டை எடுப்பார்கள். காய்ந்த இடமோ, இடுப்பளவு தண்ணீரோ, வந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும். மேஸ்திரிக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்ற பேச்சே கிடையாது. மற்ற சுரங்கங்களில் எப்போதோ விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் நான் சேர்ந்தபோதும் இருந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் போன அன்று மேஸ்திரி என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "எந்த இடம் வேணுமோ எடுத்துக்கோ, ஆல்வின்." நான் எடுத்துக்கொண்டேன். காய்ந்த இடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

முதலாளி கார்ஸ்வெல்லின் கிடங்கில் தொப்பி கிடையாது. யாருக்கு எந்த இடம் என்று அவர்தான் தினமும் பலகையில் எழுதுவார். வாய் பேசினவனுக்கு ஏழாம் வாசல். அங்கே கூரைக் குழாய் ஒழுகிச் சரிவான தரையில் சொட்டி உறையும். போன வசந்தத்தில் நான்தான் அங்கே இருந்தேன். குழாய் ஒழுகுகிறது என்று அவரிடம் சொன்னேன். இரண்டாம் நாள் எனக்குக் காவல் கூண்டு கிடைத்தது. கண்ணாடி, நாற்காலி, காலடியில் ஹீட்டர். அதற்கப்புறம் குழாயைப் பற்றி நான் பேசவே இல்லை.

என் இடத்துக்கு இலியானா என்ற ருமேனியப் பெண் வந்தாள். அவள் குற்றம், கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிஷம் கேட்டது. ஒன்பது வாரமாக ஏழாம் வாசல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் ஆள் உயரத்துக்குப் பெட்டி அடுக்கிய கைவண்டியைப் பின்பக்கமாக நடந்தபடி இழுத்து வந்தாள். குதிகால் பனியில் வழுக்கியது. வண்டி நிற்கவில்லை. சுவருக்கும் இரும்புக்கும் நடுவே அவள் பாதம். அவள் அலறியது கண்ணாடியைத் தாண்டி வந்தது. நோரீன்தான் முதலில் ஓடிப் போய் வண்டியைத் தோளால் முட்டித் தள்ளினாள். அறுபத்திரண்டு வயது அவளுக்கு. ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு பெட்டிகளைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினோம்.

எட்டு மணிக்கு கார்ஸ்வெல் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு ஆல்வின். முட்டிவலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல சார்."

விபத்துப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். எல்லாம் எழுதியிருந்தது. "நீதான் பார்த்திருக்க. தரை காஞ்சு கிடந்துச்சு. அந்தப் பொண்ணு அவசரப்பட்டு ஓடுச்சு. அவ்வளவுதானே?"

"பனி இருந்துச்சு சார். குழாய் ஒழுகுதுன்னு நானே சொன்னேனே."

"எழுதிக் குடுத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப நீ சொல்லல." சிரித்தார். பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். "கூண்டுல ஹீட்டர் நல்லா வேலை செய்யுதா?"

வேறொன்றும் கேட்கவில்லை அந்த மனுஷன். மிரட்டவில்லை, கத்தவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். என் கைக்கு அது பழகிப்போன வேலை போல இருந்தது. சீ!

பத்து மணிக்குச் சாப்பாட்டு அறையில் யாரும் ரொட்டியைப் பிரிக்கவில்லை. கிரெக் என்கிற வாயாடிப் பையன், முப்பது வயசு, அவன்தான் ஆரம்பித்தான். "என்ன பெரிசு, மாடியில விருந்தா?"

நோரீன் என் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அவள் என்னோடு பேசியதில்லை. அதில் ஆறு வருஷம் இதே கூரைக்குக் கீழே. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வேறு ஆள் மூலமாகத்தான்.

"கிரெக், அந்தாளக் கேளு. எதுல கையெழுத்துப் போட்டுட்டு வந்தார்னு."

"எதுல கையெழுத்துன்னு கேக்குறாங்க பெரிசு."

பொய் சொல்லியிருக்கலாம். "தரை காஞ்சிருந்துச்சுன்னு போட்டுட்டேன்," என்றேன். "இலியானா மேலதான் தப்புன்னு."

நோரீன் தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள்.

"மறுபடியுமா?" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்தேன். முட்டி வலியோடு மாடிப்படி ஏறினேன். கார்ஸ்வெல் போனில் இருந்தார். புத்தகத்தை இழுத்து, என் கையெழுத்தைக் குறுக்கே அடித்து, கீழே எழுதினேன்: குழாய் வசந்தத்திலிருந்து ஒழுகுகிறது. தரையில் பனி இருந்தது. நான் முதலாளியிடம் சொன்னேன். கூண்டு கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போனை வைத்துவிட்டு வாசித்தார். கோபப்படவில்லை. அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

"ஆல்வின், இந்த ஊர்ல உனக்கு ஒருத்தனும் வேலை குடுக்கல. நான் குடுத்தேன். ஒருத்தனும் முகம் குடுத்துப் பேசல. நான் பேசினேன். இப்ப கீழ போனா அவங்க உன்னைச் சேத்துக்குவாங்கன்னு நெனைக்கிறியா?"

"சேத்துக்க மாட்டாங்க சார்."

"அப்புறம் எதுக்குடா இது?"

"தரையில பனி இருந்துச்சு சார்."

"நாளைக்கு ஏழாம் வாசல் உனக்கு," என்றார்.

கீழே வந்து நடந்ததைச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. தட்டவும் கூடாது. ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது. நாளை ஆல்வின், அடுத்த வாரம் யார்? உலர்ந்த வாசலுக்காகப் பல்லிளித்தது யார், அடுத்தவனைப் போட்டுக்கொடுத்தது யார் என்று ஒருவரையொருவர் குத்த ஆரம்பித்தார்கள். கிரெக்கூட முகம் சிவந்து, "நானும்தான் அவர் காரைக் கழுவிக் குடுத்தேன்," என்றான். பதினோரு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். நான் ஒருத்தன்தான் கேவலப்பட்டவன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"கேவில்," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

நோரீனின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. அந்தக் காலத்தில் தொப்பியைப் பிடித்து நின்றவர் அவள் அப்பா. இளசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். மெதுவாக, யாரையும் பார்க்காமல். சொல்லி முடித்துவிட்டு, "அடிபட்டுப் படுத்திருக்கிறவன் பேரும் தொப்பியில இருக்கும் கண்ணுகளா. அதை மட்டும் மறந்துறாதீங்க," என்றாள்.

மறுநாள் விடிகாலை பாதிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மற்ற பத்துப் பேரும் உள்ளே போகாமல் நின்றார்கள். மழைத் தூறல். நோரீன் கையில் அவள் அப்பாவின் தொப்பி, உள்பக்கம் இன்னும் கரியாக. லாரிகள் வரிசையாக விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. நான் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றேன். என் பெயரை எழுதிக் கொடுக்க எனக்கு மனம் துணியவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது?

கார்ஸ்வெல் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன இது, திருவிழாவா?"

"குழாயைச் சரி பண்ற வரைக்கும் ஏழுல யாரும் இறங்க மாட்டோம்," என்றாள் நோரீன். "அதுக்கப்புறம் எந்த இடம் யாருக்குன்னு இந்தத் தொப்பி சொல்லும். நீங்க பலகையில எழுத வேண்டாம். இலியானா மேல பழி போட்டதையும் எடுத்துறணும்."

"கிடங்கு என்னுது நோரீன். ஒரு போன் போட்டா மத்தியானத்துக்குள்ள பன்னெண்டு பேர் வருவாங்க."

"போடுங்க சார்," என்றான் கிரெக். "வர்றவங்களுக்கும் சேத்துத் துண்டு கிழிச்சு வெச்சிருக்கோம்."

யாரோ சிரித்தார்கள். கார்ஸ்வெல் அவர்கள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். கையை அசைத்தார்.

"ஆல்வின்! மழையில ஏன் நிக்கற? உள்ள வா. எந்த இடம் வேணுமோ எடுத்துக்கோ."

அதே வார்த்தை. அட்சரம் பிசகாமல். பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. அந்த முகங்களில் வெறுப்புகூட இல்லை. இவன் போய்விடுவான் என்று தெரிந்த முகங்கள். நான் சாலையைக் கடந்தேன். கதவு இடது பக்கம் திறந்திருந்தது, உள்ளே கூண்டில் ஹீட்டர் சிவப்பாக எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது தெரிந்தது. முட்டிக்கும் தெரிந்தது. நான் நோரீனிடம் போய் நின்றேன்.

"ஒரு துண்டுக் காகிதம் இருக்குமா? என் பேரை..."

"நேத்தே எழுதிப் போட்டாச்சு," என்றாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. பன்னெண்டு பேர் வேலை செய்யற இடத்துல பன்னெண்டு சீட்டு. அதுதான் முறை."

கார்ஸ்வெல் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. இன்றைக்கு ஒன்றும் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்கும் முடியாமல் போகலாம். இருந்தாலும் கிரெக் உரக்கக் கூவினான்: "காவல் கூண்டு!" நோரீன் சீட்டை எடுத்துப் பார்த்து, "நீதான்டா," என்றாள்.

"நானா? நான் தூங்கிருவேனே!"

ஒன்று, இரண்டு என்று வாசல்கள் போயின. மூன்றாம் வாசலுக்கு இலியானா பெயர் வந்தது. அதற்கு மட்டும் எல்லோரும் தங்கள் தலைத் தொப்பியைக் கழற்றினார்கள், யாரும் சொல்லாமலே. நான்கு, ஐந்து, ஆறு.

"ஏழாம் வாசல்!"

நோரீன் சீட்டைப் பிரித்தாள். வாசிக்கவில்லை. மழை துண்டுக் காகிதத்தில் விழுந்து மை கசிய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற ஆள் எட்டிப் பார்த்து, "நான் வாசிக்கட்டுமா?" என்றான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். வாசிப்பது தொப்பி பிடித்தவர் வேலை. அவள் அப்பாவும் அப்படித்தான், தான் முகம் கொடுத்துப் பேசாதவன் பெயர் வந்தாலும் அவர்தான் வாசிப்பார்.

"ஆல்வின் ரேஸ்பெக்," என்றாள்.

குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்குக் கண்ணில் வந்ததை மழை என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லவில்லை.

"ஏழுல யாரும் இறங்கறதா இல்ல," என்றாள் என்னிடம். "அதனால உனக்கு இங்கதான் இடம். தள்ளி நிக்காம வரிசையில நில்லு."

கிரெக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நின்றேன். அவள் அடுத்த சீட்டை எடுத்தாள்.