பெண் பார்க்கும் நாளில் ஒரு ஹைபிரிட் சுப்பர் கார்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குடையக் கூடாது. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேக்கரி. அடுத்த மேசையில் இரண்டு பேர், புதிதாக வந்திருக்கும் ஹைபிரிட் சுப்பர் கார் ஒன்றின் விலை நியாயமா அநியாயமா என்று மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். தட்டில் இருந்த ரோல்ஸ் ஆறிப்போனது. ப்ளேன்டீயில் ஈ விழுந்தது. கடைசியில் இருவரும் ஒரே ஓட்டை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

அடடா! எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. இறக்குமதி வரியையும் சேர்த்தால் அந்தக் காரின் விலைக்கு இங்கே ஒரு தெருவையே வாங்கலாம். வாங்கப்போகிறவன் விலையைப் பற்றி இப்படிக் கத்துவானா? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். வாங்க முடியாதவர்களிடம்தான் கருத்து இருக்கிறது.

(காரின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள்.)

2

முதல் வாக்கியம்.

"விடிகாலைப் பனியில் மாத்தளை நகரம் மெல்லக் கண்…" போதும், போதும்.

"ஸுஹைலுக்குக் கார் என்றால் உயிர்." எந்த ஸுஹைலுக்குத்தான் இல்லை?

"ஸஹ்ராவுக்குக் கார் என்றால் உயிர்." ஆ! வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஸஹ்ராவுக்கு இருபத்தாறு வயது. வாப்பாவின் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை. முகம் காட்டாமல், குரல் மட்டும் கொடுத்துப் புதிய கார்களை அலசும் யூடியூப் சேனல் ஒன்றும் நடத்துகிறாள். இன்றைக்கு யட்டவத்தயிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. "புள்ள இந்தக் கார் பைத்தியத்த உட்டா நாங்க யோசிக்கலாம்" என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். இதுவும் தட்டிப்போகுமோ என்று உம்மாவுக்குப் பயம். ஸஹ்ராவின் பயம் வேறு. தட்டிப்போகாமல் கூடிவிட்டால்? ஆயுசு முழுக்கக் காரைப் பற்றி வாய் திறக்க முடியாத ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால்?

(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள். சரி, விடுங்கள்.)

3

"காரப் பத்தி ஒரு சொல்லு வரக்கூடா, வெளங்குதா? அல்லாக்காக" என்று குசினியில் அடுப்பு முன்னால் உம்மா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

பாவம் உம்மா. கார்ப் பேச்சைத் தொடங்கியதே மாப்பிள்ளையின் வாப்பா நிஸ்தார் ஹாஜியார்தான். கராம்பு, சாதிக்காய் வியாபாரி. சின்ன ஹைபிரிட் கார் ஒன்றில் பெட்ரோல் மிச்சம் பிடித்து வந்து இறங்கியவர்.

"இப்ப சுப்பர் கார் கூட ஹைபிரிட்டாமே மகள்? லீற்றருக்கு எத்தன கிலோமீற்றர் ஓடும்?"

ஸஹ்ரா உதட்டைக் கடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று… முடியவில்லை!

"அது மிச்சம் பிடிக்கிறதுக்கில்ல மாமா. டர்போ முழிக்க முந்தியே கரண்ட் மோட்டர் காரத் தள்ளிரும். அதுக்குத்தான் அந்த வெல. அந்த வெல தகும்."

உம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை நப்லான் மெதுவாகத் தலையாட்டினான். "நீங்க சொல்றது சரி."

"பட்டரி பாரம்னு சொல்றவங்களுக்கு ஓட்டத் தெரியாது."

"அதுவும் சரி."

ஸஹ்ராவுக்கு உள்ளே எல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. அவனுக்கும் யாரோ வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், புள்ள என்ன சொன்னாலும் சரி என்று சொல்லு என்று. ஆனால் அவன் முழங்கால் மட்டும் ஏன் அப்படி ஆடுகிறது? கோப்பை சாஸரில் ஏன் கடகடக்கிறது? பார்த்துவிடுவோம் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டாள்.

"முன்சில்லு ரெண்டுக்கும் மோட்டரே இல்லாம அந்த இழுவ இழுக்குது, பாருங்களே."

முன்சக்கரங்களைப் பற்றிச் சொன்னது பொய் என்று அறையில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது. நப்லானின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தான், மூடினான், தன் வாப்பாவைப் பார்த்தான்.

(இந்த இடத்தில் நானே எழுந்து என் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சொல்லடா, மகனே, சொல்லு!)

"இல்ல!" என்று நப்லான் துள்ளி எழுந்தான். "முன்சில்லு ஒவ்வொண்டுக்கும் ஒரு மோட்டர் ஈக்கிது! அந்தப் பாரத்துக்குத்தான் வெலய ஏத்தியிருக்கான், பகல் கொள்ளக்காரன்! அதுல பாதிக்கி பழைய பத்து சிலிண்டர் கார் வாங்கலாம். எஞ்சின் தொண்ட தொறந்து பாடும்!"

"பாட்டுக் கேக்க கார் எதுக்கு? ரேடியோ வாங்குங்க!"

"பட்டரி கெட்டா நீங்களா மாத்திக் குடுப்பீங்க?"

அல்லாவே, அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சந்தோஷத்தில் கன்னமெல்லாம் சூடேறியிருந்தது. அதைப் பெரியவர்கள் கோபம் என்று நினைத்தார்கள்.

"என்னடா இது, வந்த எடத்துல!" நிஸ்தார் ஹாஜியார் எழுந்துவிட்டார். "மன்னிச்சிக்கோங்க. நாங்க போய்ட்டு சொல்லியனுப்புறோம்."

'சொல்லியனுப்புறோம்' என்றால் என்னவென்று மாத்தளையில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போனவர்கள் சொல்லி அனுப்புவதில்லை.

4

முடிவு அ: மறுநாள் நப்லான் தொலைபேசியில்… வேண்டாம். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள்.

முடிவு ஆ: அவளுடைய சேனலில் தினமும் சண்டை போடுகிறவன் அவன்தான் என்று… சினிமா! அடித்துவிட்டேன்.

முடிவு இ: எழுதவில்லை, ஏனென்றால் ஸஹ்ரா எனக்காகக் காத்திருக்கவில்லை. உம்மா முந்தானையை எட்டிப் பிடிப்பதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களின் பின்னால் பெண்ணே ஓடிப்போவதை அந்தத் தெரு கண்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஹாஜியார் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றார். நப்லான் கார்க் கதவில் கை வைத்திருந்தான்.

"நில்லுங்க" என்றாள். எவனுக்கும் எதிலும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்துப் பழகாதவள். "வெல… கொஞ்சம் கூடத்தான். ஒத்துக்கிறேன்."

நப்லான் திரும்பினான்.

அவன் வாயில் என்ன வார்த்தையைப் போடுவது? பத்துத் தாளைக் கிழித்துவிட்டேன், என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் கையெடுத்துக் கேட்கிறேன், "நீங்க சொல்றது சரி" என்று மட்டும் அவனைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.