கைப்பிடி நின்ற நேரம்

படப்பெட்டியை லுக்கோ கிழவர் ஒருநாளும் நம்பியதில்லை. முதலாளி வோக்லானையும் நம்பியதில்லை. இரண்டில் பெட்டி தேவலை, அது வாயைத் திறந்து பொய் சொல்லாது என்பார்.

வின்சென் காட்டுக்கு இந்தப் பக்கம், கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில் சந்தையில் கூடாரம் போட்டுத் திரையில் காட்டுகிற சந்தைக்காரர்களுக்கு ஓடும் படம் எடுத்து விற்பது வோக்லானின் பிழைப்பு. லுக்கோ அங்கே தச்சு வேலைக்குப் போனவர். "தாடியப் பாரு, பாக்கவே பயமா இருக்கு. இவனையும் நிக்க வைங்கடா" என்று வோக்லான் அவரைப் படத்திலும் நிறுத்திவிட்டான். பெண்டாட்டி போனபிறகு அவருக்கு மிச்சம் மகள் ஸெலி ஒருத்திதான். சலவைக்கூடத்தில் கொதிகஞ்சியில் கை ஊறிக் கிடந்தவளை, இங்கே வேலை லேசு என்று கூட்டிவந்ததும் அவர்தான்.

வோக்லான் கத்தரிக்கோலைத் தொடமாட்டான். வெட்டி ஒட்டினால் ஒட்டின இடத்தில் அறுந்துபோகும், சந்தைக்காரன் சுருளை மூஞ்சியில் விட்டெறிவான் என்று பயம். எதுவானாலும் பெட்டிக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். ஒரு ஆள் மாயமாக வேண்டும் என்றால், கைப்பிடி சுற்றுகிற அன்செல்ம் சுற்றுவதை நிறுத்தி "கல்!" என்று கத்துவான். எல்லோரும் இருந்த இடத்திலேயே கல்லாகிவிட வேண்டும். தூக்கின கை தூக்கினபடி, பிளந்த வாய் பிளந்தபடி. காலைச் சுற்றித் தரையில் சாக்கட்டிக் கோடு இருக்கும். மாயமாகிறவன் மட்டும் நழுவிப் போவான். அப்புறம் "ஓடுது!" என்று குரல் வரும், கைப்பிடி சுற்றும். திரையில் பார்க்கிறவனுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. ஆள் இருந்தான், ஆளைக் காணோம்.

எவனோ ஒருத்தன் தெருவில் படம் பிடிக்கும்போது பெட்டி சிக்கிக்கொண்டதாம், சரிசெய்து சுற்றினால் போய்க்கொண்டிருந்த பயண வண்டி சவ வண்டியாக மாறியிருந்ததாம், வித்தையே அப்படித்தான் பிறந்ததாம். அன்செல்ம் சொல்லுவான். லுக்கோ அதையும் நம்பியதில்லை.

போன படத்தில், கல்லாக நின்றிருந்தபோது புகைச்சட்டியிலிருந்து ஒரு பொறி தெறித்தது. லுக்கோ "நெருப்பு!" என்று கத்திக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினார். பொறி தரையில் விழுந்து அதுபாட்டுக்கு அவிந்தது. கோடு தாண்டினால் படம் கெட்டது. அன்றைய உழைப்பு மொத்தமும் போயிற்று, ஒருத்தருக்கும் கூலி இல்லை. அதிலிருந்து அவருக்குத் தீயணைப்புத் துரை என்று பெயர். குடிக்கும்போதும் கூப்பிடுவார்கள், சிறுநீர் கழிக்கும்போதும் கூப்பிடுவார்கள்.

அடுத்த படத்தில் ஸெலி சூனியக்காரி. லுக்கோ அவளுக்குக் கொள்ளி வைக்கிறவர். கம்பத்தில் அவளைக் கட்டி, காலடியில் புகைச்சட்டி வைத்து, "கல்!" ஆனதும் அவளை எடுத்துவிட்டு வைக்கோல் பொம்மையை நிறுத்தி எரிப்பதாக ஏற்பாடு. அவளுக்கு வலைத்துணியில் நீளப் பாவாடை தைத்திருந்தார்கள். ஊதினால் பறக்கும்.

கயிற்றைச் சுற்றும்போது லுக்கோ முணுமுணுத்தார். "சட்டியத் தள்ளி வெக்கச் சொல்லு."

"நீ சொன்னாவே சிரிக்கிறாங்க. நான் சொன்னா கேட்டுக்குவாங்களா?"

"கிட்டத்துல இருக்குடி."

"அப்பா, இன்னிக்கு ஒருநாளாச்சும் கல்லா நில்லு. உன்னால நான் தலைகாட்ட முடியல. அந்தக் கொழுத்த மரியெத் எம்மூஞ்சிக்கு நேராவே கேக்கறா, உங்கப்பன் வாளியோடதான் படுப்பாரான்னு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நிக்கிறேன்."

"சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியம்."

கைப்பிடி சுற்றியது. கூட்டம் கூச்சல் போட்டது. லுக்கோ காகிதத் தீப்பந்தத்தைத் தூக்கினார். ஸெலி முகவாயை நிமிர்த்தி, ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். நன்றாகத்தான் செய்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கல்!"

பொம்மையைப் பின்பக்கமாகத் தூக்கி வந்தார்கள். அதன் பொய்முடி சரிந்துவிட்டது, ஊசி குத்த நின்றார்கள். பொம்மையின் தலையும் கையும் ஸெலி நிற்கிற மாதிரியே அமைய வேண்டும், அதுவரை அவளும் அசையக் கூடாது. அசையவில்லை.

பாவாடை ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி ஊர்ந்தது. லுக்கோவின் பக்கம். அவர் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிகிற இடம்.

புகைச்சட்டித் தணலின் வெளிச்சமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். பொறி அன்றைக்கு மாதிரி தானே அவியும் என்று நினைத்தார். சத்தியத்தை நினைத்தார். பிறகு கத்தினார்.

"ஸெலி! பாவாடை!"

கத்தினார், ஆனால் கால் கோட்டுக்குள்ளேயே இருந்தது. தூக்கின கை தூக்கினபடி இருந்தது. அவ்வளவு பழக்கி வைத்திருந்தார்கள்.

உதடு அசையாமல் பல்லிடுக்கால் கூட்டம் சிரித்தது. "தொரை கெளம்பிட்டாருடோய்" என்றது ஒரு குரல்.

"கல்லுன்னா கல்லு, கிழவா!" என்றான் அன்செல்ம்.

ஸெலியும் நிமிர்த்திய முகவாயை இறக்காமல் சொன்னாள். "அப்பா, சும்மா இரேன்."

அந்த வார்த்தை முடிவதற்குள் துணி குப்பென்று எரிந்து இடுப்புக்கு ஏறிவிட்டது. லுக்கோ பந்தத்தை வீசிவிட்டு ஓடினார். முடிச்சை அவரேதான் போட்டிருந்தார். நல்ல தச்சன் முடிச்சு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது ஆஸ்பத்திரியில் அவள் கதை முடிந்தது. வோக்லான் நல்ல மரத்தில் சவப்பெட்டி வாங்கிக் கொடுத்தான். இவன் எதற்கு நல்ல மரம் வாங்குகிறான் என்று லுக்கோ யோசித்தார். அடக்கம் முடிந்த மறுநாளே தெரிந்துபோயிற்று. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றான்.

"லுக்கோ, படப்பெட்டிய நாங்க நகத்தல. கோட்டையும் அழிக்கல. பெருக்கக்கூட விடல."

"அதுக்கு?"

"பொம்மைய வெச்சு மிச்சத்த முடிச்சிரலாம். நீ வந்து நின்னாத்தான் ஆகும். நீ இல்லேன்னா கொள்ளி வைக்கிறவனே மாயமாயிருவான். பாக்கறவன் காறித் துப்புவான்."

லுக்கோ அவனை வெளியே தள்ளக் கையை ஓங்கினார். ஓங்கின கை நின்றது. ஸெலிக்கு ஒரு புகைப்படம் கிடையாது. கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

"அந்தப் பெட்டிக்குள்ள அவ இருக்காளா?"

"இருக்கா. உசிரோட இருக்கா. தலைய நிமித்தி உன்னப் பாக்கறா."

"நான் வரலேன்னா?"

"பாதிச் சுருள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? தூக்கி எறிய வேண்டியதுதான்."

லுக்கோ கொட்டகைக்குப் போனார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மரியெத் அழுதுகொண்டே தன் கோட்டுக்குள் போய் நின்று, அன்றைக்கு மாதிரியே வாயைப் பிளந்துகொண்டாள். கம்பத்தில் பொம்மை, புதுப் பாவாடை, முகவாய் நிமிர்ந்திருந்தது. ஊசி குத்தினவன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தான். லுக்கோ பந்தத்தைத் தூக்கினார்.

"ஓடுது!" என்றான் அன்செல்ம்.

பந்தத்தைத் தாழ்த்திப் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். லுக்கோ அதைக் கீழே போட்டார். கோட்டைத் தாண்டினார். பற்றாத பாவாடையை இரண்டு கையாலும் அடித்து அடித்து அணைத்தார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பொம்மையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே போனார். "கல்" என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் கல்லாகத்தான் நின்றார்கள். அன்செல்ம் கைப்பிடியை நிறுத்தவே இல்லை, கை தானாகச் சுற்றியதாம்.

வோக்லான் சுருளைத் தூக்கி எறியவில்லை. கழுவிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், "சூனியக்காரிக்கு மயங்கிய கொள்ளிக்காரன்" என்று பெயர் வைத்து விற்றுவிட்டான். அவன் எடுத்ததிலேயே அதிகம் விற்றது அதுதான்.

ஈஸ்டர் சந்தையில் கூடாரம் போட்டுக் காட்டினார்கள். லுக்கோ பலகையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஸெலி வந்தாள். முகவாயை நிமிர்த்தினாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்புறம் பொம்மை.

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்துப் பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை இடித்தாள். "வெறும் பொம்மைன்னுகூடத் தெரியல பாருங்க அந்த மடையனுக்கு!"

"தெரியல" என்றார் லுக்கோ.

விளக்கு ஏற்றினார்கள். கூடாரக்காரன் பலகை பலகையாக ஆட்களை விரட்டிக்கொண்டு வந்தான். "எந்திரிங்க பெரியவரே, அடுத்த ஆட்டத்துக்கு வேற சீட்டு."

லுக்கோ மூடியிருந்த கையைத் திறந்து காட்டினார். உள்ளங்கை நிறையச் சீட்டு இருந்தது.